கை எட்டும் உயரத்தில்

சென்னையிலும் அதைச் சுற்றியும் பூங்காக்களைப் பராமரித்து வரும் குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கு,



உங்கள் நகரில் ஒரு பூங்கா இருக்கிறது என்றால் அது சும்மா வந்ததில்லை என்பதை அறிவேன். மனைப்பிரிவு போட்டவர் திறந்தவெளிக்கென்று எழுதிக்கொடுத்த 10 சதவீத நிலம் பல இடங்களில் கட்டடக் கழிவு கொட்டும் மேடாகவே வருடக்கணக்கில் கிடந்தது. மனு கொடுத்து, கவுன்சிலரைப் பார்த்து, உதவிப் பொறியாளரை நேரில் அழைத்து வந்து காட்டி, வேலி போட வைத்து, தண்ணீருக்குக் காசு சேர்த்து அதைப் பச்சையாக்கியவர்கள் நீங்கள். அந்த உழைப்பு தெரியும் என்பதால்தான் அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

தோட்டம் அமைப்பது என் தொழில். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை பூங்காவைச் சீரமைக்க நிதி வரும்போது, கண்ணால் பார்த்துக் காலால் சுற்றிவரும் இடமாக மட்டும் அதை விட்டுவிடாதீர்கள். மூக்குக்கும் காதுக்கும் கைக்கும் நாக்குக்கும் வேலை இருக்கிற தோட்டமாக ஆக்குங்கள். சக்கர நாற்காலியில் வருபவரும், வெண்கோலோடு வருபவரும், வாக்கர் பிடித்து வரும் பாட்டியும், கூட்டமும் சத்தமும் தாங்காத குழந்தையும் யார் தயவும் இல்லாமல் அதற்குள் வந்து போகட்டும்.

இப்போதுள்ள பூங்காவை ஒரு நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். எட்டு வடிவத்தில் நடைபாதை. ஓரத்தில் மஞ்சள் டுராண்டா வேலி. நடுவில் புல்தரை, அதில் மிதிக்காதீர் என்று ஒரு பலகை. பூச்செடி அருகே தொடாதீர் என்று இன்னொரு பலகை. குரோட்டன்ஸ், போகன்வில்லா, இட்லிப்பூ என்று நிறத்துக்காகவே வாங்கி வைத்த செடிகள். முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. பார்வை இல்லாத ஒருவருக்கு இங்கே கிடைப்பது சிமெண்ட் பெஞ்சும் அடுத்தவர் பேச்சும் மட்டும்தான். அவருக்கு எதுவும் தரக்கூடாது என்று யாரும் நினைத்துச் செய்ததல்ல இது. வரைபடம் போட்டபோது அவரை யாரும் நினைக்கவே இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். அன்று எட்டே வகைகளில் எடுத்த கணக்கு அது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், பார்க்கின்சன் நோய் உள்ளிட்ட 21 வகைகளை ஏற்றுக்கொள்கிறது. இதில் சேராமல், மூட்டு தேய்ந்து படியேற முடியாதவர்களும் கண்புரையோடு நடப்பவர்களும் உங்கள் தெருவிலேயே எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பொது இடங்களில் அணுகல் வசதி செய்வதைப் பரிந்துரை அளவில் விட்டுவைக்க முடியாது, கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை வகுத்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் தீர்மானத்தில் இதைச் சலுகை கேட்பதுபோல் எழுத வேண்டியதில்லை. உரிமை என்றே எழுதுங்கள்.

செடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வாசலைப் பற்றிப் பேசியாக வேண்டும். புறநகர்ப் பூங்கா ஒன்றுக்குச் சக்கர நாற்காலியில் வரும் ஒரு நண்பரோடு போனேன். பைக்கும் மாடும் நுழையாமலிருக்க, வாசலில் இரும்புக் குழாய்களை ஒன்றுக்கொன்று மறித்து வளைத்து நட்டிருந்தார்கள். ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். அவருடைய நாற்காலியின் முன்சக்கரங்கள் உள்ளே போயின. பெரிய சக்கரம் குழாயில் முட்டி நின்றது. பக்கத்திலிருந்த பெரிய கேட்டில் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். நண்பர் குழாயைப் பிடித்தபடி உள்ளே நடப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம், போய்விடலாம் என்று அவராகவே சொன்னார். அந்தப் பூங்காவுக்குள் என்ன மரம் இருந்தால் அவருக்கென்ன?

சக்கர நாற்காலி நுழையக் குறைந்தது 90 செ.மீ. இடைவெளி வேண்டும். 90 செ.மீ. விட்டால் பைக்கும் வருமே என்பீர்கள். வரும், உண்மைதான். பைக்கில் வருபவரை நிறுத்திச் சொல்ல ஆள் இருக்கிறது, அபராதம் இருக்கிறது, கேமரா இருக்கிறது. நாற்காலியில் வருபவருக்கு வேறு வழி கிடையாது. இரண்டில் எதைத் தடுப்பது என்று வரும்போது, தயவுசெய்து அவர் பக்கம் நில்லுங்கள்.

உள்ளே பாதை 1.8 மீட்டர் அகலம் இருந்தால் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் விலகிப் போகலாம். அவ்வளவு இடமில்லாத சின்னப் பூங்காவில் 1.2 மீட்டர் வைத்து, அங்கங்கே திரும்புவதற்கு 1.5 மீட்டர் விட்டம் விடுங்கள். சரிவுப்பாதை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்குக்கு மேல் செங்குத்தாகப் போகக் கூடாது. ஓரடி மேடு ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்றடியில் ஒரு சிமெண்ட் சறுக்கலைப் போட்டுவிட்டு ‘ராம்ப் இருக்கிறது’ என்று கணக்குக் காட்டும் ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் செய்ய விடாதீர்கள். விளிம்பு சீவிய பேவர் பிளாக் நாற்காலியை உதறிக்கொண்டே இருக்கும். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அது வேதனை. மழைநீர் வடிகால் மூடியில் விரல் நுழையும் அளவு சந்து இருந்தால் ஊன்றுகோல் சிக்கும். பாதையின் மேல் தொங்கும் கிளைகளை ஏழடி உயரம்வரை கழித்துவிடுங்கள், ஏனென்றால் வெண்கோல் தரையில் இருப்பதைச் சொல்லுமே தவிர முகத்துக்கு நேரே வரும் கிளையைச் சொல்லாது.

இனி செடிக்கு வருகிறேன். பிறவியிலேயே பார்வை இல்லாத ஆசிரியர் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். அவரோடு பூங்காவில் நடந்த பிறகுதான் என் தொழிலையே வேறு மாதிரி செய்ய ஆரம்பித்தேன். காலை நேரம், கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சிறிது தூரம் வந்தவர் நின்றுவிட்டார். “பாட்டை நிறுத்தச் சொல்லுங்க சார், எனக்கு வழி கேக்கல” என்றார். நிறுத்தியதும் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். இடதுபுறம் சொட்டிக்கொண்டிருந்த குழாய், வலதுபுறம் எங்கோ ஊஞ்சல் சங்கிலி. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தானாகவே பாதையின் நடுவுக்கு வந்து நடந்தார். மகிழ மரத்தைத் தாண்டியபோது, “திரும்பும்போது இதுதான் எனக்கு அடையாளம்” என்றார்.

புலன்களுக்கான தோட்டம் என்றால் வாசனைச் செடிகளையெல்லாம் ஒரு பாத்தியில் வாங்கி நட்டுவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் எல்லாம் கலந்து ஒரு மொத்த மணமாகத்தான் வரும். அதில் யாருக்கும் திசை தெரியாது. ஒவ்வொரு மணத்துக்கும் தனி இடம் கொடுங்கள். வாசலில் துளசி என்றால் துளசி மட்டும், கொத்தாக. முதல் திருப்பத்தில் மரிக்கொழுந்து. கழிப்பறைப் பாதை பிரியும் இடத்தில் எலுமிச்சைப்புல். பெஞ்சுக்குப் பக்கத்தில் கற்பூரவல்லி. ஒரு மாதம் வந்து போனால் போதும், யார் கையையும் பிடிக்காமல் அந்தப் பூங்கா முழுவதும் ஒருவருக்கு மனப்பாடமாகிவிடும்.

மரங்களில் முதலில் மகிழத்தைச் சொல்வேன். அடர்ந்த நிழல் தரும். பூ உதிர்ந்து காய்ந்த பிறகும் மணக்கும், அதனால் தரையே வாசனையாக இருக்கும். பவளமல்லி இரவில் மலர்ந்து விடியும்போது உதிரும். பூங்கா திறக்கும் நேரமும் அதுதான். பெருக்குபவரிடம் சொல்லி எட்டு மணிவரை அந்த மரத்தடியை மட்டும் விட்டுவைக்கச் செய்யுங்கள். மனோரஞ்சிதத்தின் பூ பச்சையாக இலையோடு இலையாக மறைந்திருக்கும், பழுத்து மஞ்சளாகும்போது பழவாசம் வீசும். பார்வை உள்ளவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். முகர்ந்து பழகியவர் நேராகப் போய்க் கை வைப்பார். நாகலிங்கம் அடிமரத்திலேயே பூப்பது, கை நீட்டினால் எட்டும். ஆனால் அதன் காய் பெரிய உருண்டை, கனமாக விழும். பாதையிலிருந்தும் பெஞ்சிலிருந்தும் தள்ளித்தான் வைக்க வேண்டும்.

பூவைவிட இலையை நம்புங்கள். பூ வாசனை பருவத்துக்கும் வேளைக்கும் கட்டுப்பட்டது. திருநீற்றுப்பச்சிலை, கற்பூரவல்லி, நொச்சி, மரிக்கொழுந்து இவற்றின் இலையைக் கசக்கினால் எந்த நேரமும் மணம் உண்டு. மறதிநோய் வந்தவர்களுக்கு முகரும் திறன் ஆரம்பத்திலேயே மங்கிவிடுவது உண்டு. காற்றில் வரும் மெல்லிய மணம் அவர்களுக்கு எட்டாமல் போகலாம். விரலில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோகும் இலை எட்டலாம்.

தொடுவதற்கென்றே ஒரு நீளப் பாத்தி போடுங்கள். கற்பூரவல்லியின் தடித்த மெத்தென்ற இலை, கோழிக்கொண்டையின் வெல்வெட், வாடாமல்லியின் காகிதச் சொரசொரப்பு, ரணகள்ளியின் வழவழப்பு எல்லாம் ஒன்றையடுத்து ஒன்று வரட்டும். தொட்டாற்சிணுங்கியைத் தனித் தொட்டியில் வைக்கலாம். தண்டில் முள் இருக்கிறது, இலை நுனியைத் தொடும்படி தொட்டியைத் திருப்பி வையுங்கள். முடக்கத்தான் கொடியைக் கம்பியில் ஏற்றிவிட்டால் அதன் காற்றடைத்த காயைக் குழந்தைகள் பட்டென்று உடைப்பார்கள். உடைக்கட்டும், அது மறுபடி காய்க்கும். மரத்தின் பட்டையும் தொடுவதற்குத்தான். வேம்பின் வெடிப்பையும் கொய்யாவின் மழமழப்பையும் கையால் ஒப்பிட்டுப் பார்க்காத பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நல்ல வேலி, நல்ல பாதை எல்லாம் போட்டுவிட்டு ஓரத்தில் அரளி நடுவதை நிறுத்துங்கள். தண்ணீர் குறைவாகக் கேட்கும், மாடு கடிக்காது, வருடம் முழுக்கப் பூக்கும் என்பதால் எல்லாப் பூங்காவிலும் வைக்கிறார்கள். அதன் எல்லாப் பாகமும் விஷம். தொட்டும் சுவைத்தும் அறியச் சொல்கிற தோட்டத்தில் அதற்கு இடமே இல்லை. எருக்கு, ஊமத்தை, குன்றிமணி இவையும் அப்படியே. போகன்வில்லாவை முள்ளுக்காக நீக்குங்கள், குறைந்தபட்சம் கை எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். இது பார்வை இல்லாதவர்களுக்காக மட்டும் அல்ல, எதையும் வாயில் வைக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

காதுக்கு அதிகம் செலவு வேண்டாம். பூங்காவில் ஏற்கெனவே அரச மரம் இருந்தால் பெஞ்சை அதன் அடியில் கொண்டுபோய்ப் போடுங்கள். மெல்லிய காற்றுக்கும் அதன் இலை சலசலக்கும். புதிதாக நடாதீர்கள், சின்ன இடத்தில் அதன் வேர் சுவரையும் பாதையையும் பெயர்த்துவிடும். வாகையின் காய்ந்த நெற்றுகள் கோடையில் கலகலக்கும். செம்பருத்தி இருந்தால் தேன்சிட்டு வரும். ஒரு மூலையில் தண்ணீர் சிறிதாக விழுகிற ஏற்பாடு இருந்தால் நல்லது. அப்புறம் அந்த ஒலிபெருக்கி: அதைக் கழற்றிவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சுவைக்குக் கறிவேப்பிலை, புளியாரை, சீனித்துளசி, ஒரு நெல்லி மரம் போதும். பூச்சிமருந்து அடிக்காமலிருந்தால்தான் இவற்றை வைக்க வேண்டும். கண்ணை மறந்துவிடவும் கூடாது. பார்வை மங்கியவர்கள் பலருக்கு நிற வேறுபாடு பெரிதாக இருந்தால் தெரியும். கரும்பச்சை இலைக்கு முன்னால் மஞ்சள் சாமந்தியைக் கூட்டமாக வைத்தால் அவர்களும் பார்ப்பார்கள்.

இவை எல்லாமே கை எட்டினால்தான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும், குனிய முடியாத முதியவருக்கும் தரையிலுள்ள பாத்தியால் பயனில்லை. மேட்டுப்பாத்திக்குப் பெரிய செலவு ஆகும் என்று பயப்பட வேண்டாம். உறைகிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறையில் ஓரடி உயரமும் மூன்றடி விட்டமும் உள்ளதாக வாங்கி, இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். இரண்டடி உயரப் பாத்தி தயார். அடி உறையில் உடைந்த செங்கலும் சரளையும்; மேல் உறையில் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம். நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தினால் நடுவரை கை போகும். விளிம்பில் பளிச்சென்று மஞ்சள் அடித்துவிடுங்கள். முழங்கால் உள்ளே போகவும், நேராக உட்கார்ந்து வேலை செய்யவும் ஓரிரு பாத்தி வேண்டும். இரண்டு செங்கல் தூண்களுக்கு மேல் கடப்பாக்கல்லைப் போட்டு, அடியில் 70 செ.மீ. விட்டு, மேலே ஆழமில்லாத தட்டில் கீரை விதைக்கலாம். பார்வையாளராக வருகிற மாற்றுத்திறனாளி அங்கேதான் தோட்டக்காரராகவும் ஆகிறார். யாரோ வளர்த்ததை முகர்ந்துவிட்டுப் போவதைவிடத் தான் விதைத்த கீரையைக் கிள்ளிக்கொண்டு போவதில் இருக்கும் பெருமையைப் பார்த்தவன் நான்.

கைப்பிடிக் கம்பி, பெயர்ப்பலகை விஷயத்தில் நம் வெயிலை மறக்காதீர்கள். சித்திரை மாதம் பதினோரு மணிக்கு எவர்சில்வர் கம்பியில் கை வைக்க முடியாது. பிரெயில் பலகை உலோகமாக இருந்தால் விரல்நுனி சுடும். நிழலில் வையுங்கள், மரத்திலோ சுடாத பூச்சிலோ செய்யுங்கள். பிரெயிலோடு புடைத்த பெரிய எழுத்தும் வேண்டும், ஏனென்றால் வயதான பிறகு பார்வை இழந்தவர்கள் பெரும்பாலும் பிரெயில் கற்றிருக்க மாட்டார்கள்.

மாற்றுத்திறனாளிகள் பகுதி என்று மூலையில் தனியாக ஒன்று கட்டிப் பலகை மாட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். நியூயார்க்கின் புரூக்ளின் தாவரவியல் தோட்டத்தில் 1955இல் ஆலிஸ் ரெக்னாகல் ஐரிஸ் வடிவமைத்த நறுமணத் தோட்டம், பார்வைக் குறைபாடு உள்ளவர்களை எண்ணி அமெரிக்காவில் அமைக்கப்பட்ட முதல் தோட்டம் என்பார்கள். நாற்காலியிலிருந்து எட்டும் உயரத்தில் பாத்திகள். தொட ஒன்று, இலை மணத்துக்கு ஒன்று, பூ மணத்துக்கு ஒன்று, சமையல் மூலிகைக்கு ஒன்று. இன்றும் அங்கே எல்லோரும்தான் போகிறார்கள். டெல்லியில் 2003இல் திறக்கப்பட்ட ஐம்புலன் தோட்டம் 20 ஏக்கர். உங்களிடம் இருப்பது இருபது சென்டாக இருக்கலாம். ஒரு வகையில் உங்களுக்குத்தான் அனுகூலம்: டெல்லித் தோட்டத்துக்குப் பயணம் கிளம்பித்தான் போக வேண்டும், உங்கள் பூங்காவுக்குத் தினமும் வருவார்கள். தினமும் வந்தால்தான் மணமும் ஒலியும் பழகி, இடம் ஒருவருக்குச் சொந்தமாகும்.

தனியிடம் ஒன்று வேண்டியதும் உண்டு, ஆனால் அது ஒதுக்குவதற்கு அல்ல. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குச் சில நேரம் எல்லாப் புலன்களும் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். மணமும் சத்தமும் தாங்காது. மணமில்லாத ஒரு மரத்தின் கீழ், முதுகுப்பக்கம் சுவரோடு, பாதைக்குச் சற்று விலகி, அமைதியான ஒரு பெஞ்சை வைத்துவிடுங்கள். தாய் அங்கே பிள்ளையை அணைத்துக்கொண்டு உட்காரட்டும். யாரும் வந்து, என்னம்மா ஆச்சு என்று கேட்காமலிருந்தால் அதுவே உதவி.

இதெல்லாம் நம் ஊரில் நடக்குமா என்று கேட்பவர்களை மெரினாவுக்கு அழைத்துப் போங்கள். கடலைக் கரையிலிருந்து தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பிய மாற்றுத்திறனாளிகள், பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, 2022 நவம்பரில் அலைக்கு அருகே வரை நிரந்தர மரப்பாதையைப் பெற்றார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, சரிசெய்தார்கள். மணலில், உப்புக்காற்றில், புயலில் செய்ய முடிந்ததை உங்கள் நகர்ப் பூங்காவின் கெட்டியான தரையில் செய்ய முடியாதா?

ஆடியில் நடவைத் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். உறை இறக்குவது, பாதை போடுவது எல்லாம் அதற்கு முன் கோடையிலேயே முடிய வேண்டும். அப்படியானால் பொதுக்குழுவில் மாசிக்குள் தீர்மானம் வந்தாக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் பகுதியில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளையும், சிறப்புப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரையும் வரைபடம் முடிந்த பிறகு கருத்துக் கேட்க அல்ல, போடுவதற்கு முன்பே அழையுங்கள். லிஃப்ட் இல்லாத மாடியில் கூட்டம் வைக்காதீர்கள். அழைப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் எழுத்தாகத் தட்டச்சு செய்து அனுப்புங்கள், போன் அதைப் பார்வையற்றவருக்குச் சரியாகப் படித்துச் சொல்லும். செவித்திறன் இல்லாதவர் இருந்தால் சைகை மொழி தெரிந்த ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். நாளைச் சொன்னால், அளவு டேப்பும் நாற்றுப் பட்டியலும் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.

அன்புடன்,
ஒரு தோட்டக்காரர்